டிராக்டர் ஆல்டர்னேட்டர் மறுசீரமைப்பு

டிராக்டர் ஆல்டர்னேட்டர் மறுசீரமைப்பு என்பது, டிராக்டரின் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பிரித்து, தேய்ந்த அல்லது எரிந்த உறுப்புகளை மட்டும் மாற்றி, சோதித்து, மீண்டும் பொருத்தும் பட்டறைப் பணி ஆகும். ஆல்டர்னேட்டரின் உலோக உடலும் செப்புச் சுருள்களும் நெடுநாள் உழைப்பவை. விரைவில் கெடுபவை கார்பன் பிரஷ், பேரிங், டையோடு, ரெகுலேட்டர் ஆகிய சிறு உறுப்புகளே. ஆகவே பெரும்பாலான பழுதுகளில் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றத் தேவை ஏற்படுவதில்லை. பழுது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைக் கழற்றும் முன்பே உறுதி செய்வது இப்பணியின் முதல் படியாகும்.

தமிழில் ஆல்டர்னேட்டர் மாறுதிசை மின்னாக்கி எனப்படுகிறது. பட்டறைகளில் பழைய பழக்கத்தால் இதையும் ‘டைனமோ’ என்றே பலர் அழைக்கின்றனர். எனினும் இரண்டும் வெவ்வேறு கருவிகள்.

வேளாண்மையில் முக்கியத்துவம்

விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், செஞ்சிக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள வட்டத் தலைநகரம் ஆகும். அங்காளம்மன் கோயிலால் பரவலாக அறியப்படும் இவ்வூரைச் சுற்றிய கிராமங்களில் ஏரிப் பாசனத்தாலும் கிணற்றுப் பாசனத்தாலும் நெல்லும், மானாவாரியாகவும் இறவையிலும் மணிலாவும் பயிராகின்றன. மல்லாட்டை என்று இப்பகுதி மக்கள் வழங்கும் நிலக்கடலையே மணிலா ஆகும். சேடை ஓட்டுதல், புழுதி உழவு, விதைப்பு, டிரெய்லரில் விளைபொருள் ஏற்றுதல் ஆகிய அனைத்துக்கும் டிராக்டர் பயன்படுகிறது. மழை பெய்து ஈரம் காயும் முன் உழுதுவிட வேண்டிய நாட்களில் இரவிலும் உழவு நடக்கும்.

பெட்ரோல் காரில் மின்னேற்றம் நின்றால் சிறிது நேரத்தில் எஞ்சினும் நின்றுவிடும். இயந்திர முறையில் இயங்கும் எரிபொருள் பம்பு கொண்ட டீசல் டிராக்டரில் அப்படி நடப்பதில்லை. ஒருமுறை கிளம்பிய எஞ்சின் மின்சாரம் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதனால் மின்னேற்றம் நின்றதை ஓட்டுநர் பல நாட்கள் அறியாமல் இருக்க வாய்ப்புண்டு. சேற்று வயலின் நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு மீண்டும் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் சுற்றாது. சேற்றில் நிற்கும் டிராக்டரைத் தள்ளிக் கிளப்பவும் இயலாது.

இதில் இரண்டாவது இழப்பும் உண்டு. மின்னேற்றம் இன்றி நாட்கணக்கில் கிடக்கும் ஈய அமில பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கடினப்பட்டுப் படியும். அதன் பிறகு பேட்டரி முழு அளவுக்கு மின்னேற்றம் பெறாது. பழுது ஆல்டர்னேட்டரில் இருக்க, பேட்டரியை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் அந்தப் புதிய பேட்டரியும் அதே வழியில் கெடும்.

வரலாறு

மைக்கேல் பாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். காந்தப்புலத்தில் கம்பிச்சுருளோ, கம்பிச்சுருளின் அருகே காந்தமோ அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும் என்னும் இக்கொள்கையே டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அடிப்படை.

தொடக்க கால வண்டிகளில் டைனமோ பயன்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் 6 வோல்ட் டைனமோ இருந்தது. டைனமோவில் மின்சாரம் உண்டாகும் சுருளான ஆர்மேச்சர் சுழலும். உண்டாகும் மின்னோட்டம் முழுவதும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாகவே வெளிவர வேண்டும். குறைந்த வேகத்தில் டைனமோ போதிய மின்சாரம் தராது.

சிலிக்கான் டையோடுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் ஆல்டர்னேட்டர் வண்டிகளுக்கு வந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் இதை இயல்பான உறுப்பாகவே பொருத்தியது. தமிழ்நாட்டில் டிராக்டர் தயாரிப்பு நிறுவனமான டாஃபே 1960இலும், வண்டி மின்கருவிகள் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1961இலும் நிறுவப்பட்டன. லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்துக்குச் சென்னை பாடியிலும் புதுச்சேரியிலும் ஆலைகள் உள்ளன.

அமைப்பும் இயக்கமும்

ஆல்டர்னேட்டரில் சுழல்வது காந்தம். நிலையாக இருப்பது மின்சாரம் உண்டாகும் சுருள். இதன் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

• ரோட்டர் – நகம் போன்ற முனைகள் கொண்ட இரு இரும்புத் துண்டுகளுக்கு இடையே ஒரு கம்பிச்சுருள் இருக்கும். இச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது ரோட்டர் மின்காந்தமாகிறது.
• ஸ்லிப் ரிங், கார்பன் பிரஷ் – சுழலும் ரோட்டருக்கு மின்னோட்டம் கொண்டுசெல்பவை. சில ஆம்பியர் மட்டுமே இவற்றின் வழியாகப் பாயும். எனவே டைனமோவின் பிரஷ்ஷைவிட இவை நீண்ட நாள் உழைக்கும்.
• ஸ்டேட்டர் – இரும்புத் தகடுகளை அடுக்கிய வளையம். இதன் காடிகளில் மூன்று கட்டச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும்.
• டையோடு தட்டு – மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும் ஆறு பெரிய டையோடுகளைக் கொண்டது. பல வகைகளில் ரோட்டருக்கு மின்சாரம் அளிக்க மேலும் மூன்று சிறு டையோடுகள் இருக்கும்.
• ரெகுலேட்டர் – ரோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளியீட்டை ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துவது.
• முன், பின் பேரிங்குகள், புல்லி, விசிறி, இரு உலோக மூடிகள்.

சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து சிறு மின்னோட்டம் எச்சரிக்கை விளக்கின் வழியாக ரோட்டருக்குச் செல்கிறது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் விளக்கின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம் வருவதால் விளக்கு அணைகிறது. இவ்வகை இணைப்பில் எச்சரிக்கை விளக்கு வெறும் அடையாளம் அன்று. மின்னேற்றத்தைத் தொடங்கிவைக்கும் வழியும் அதுவே. விளக்கின் பல்பு எரிந்துபோனால் நல்ல நிலையில் உள்ள ஆல்டர்னேட்டரும் மின்னேற்றம் செய்யாமல் இருக்கலாம்.

கழற்றும் முன் செய்யும் சோதனைகள்

இச்சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். கீழ்க்காணும் அளவுகள் 12 வோல்ட் அமைப்புக்கு உரியவை.

1. ஃபேன் பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பொதுவாக 10 முதல் 13 மி.மீ. வரை அமுங்கலாம். தளர்ந்த பெல்ட்டும், பக்கங்கள் பளபளப்பாகத் தேய்ந்த பெல்ட்டும் நழுவும்.
2. பேட்டரி முனைகளில் வெள்ளை, பச்சை நிற உப்புப் படிந்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். எர்த் கம்பி எஞ்சினில் பிடிக்கும் இடத்தில் துரு, சேறு இருக்கக் கூடாது.
3. எஞ்சின் நின்று சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியை அளக்க வேண்டும். சுமார் 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம், 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழப் பாதி.
4. சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பார்த்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். அப்போது புல்லி அருகே ஸ்குரூடிரைவர் நுனியைக் கொண்டுசென்றால் மெல்லிய காந்த ஈர்ப்பு தெரியும். ஈர்ப்பு இல்லையெனில் ரோட்டருக்கு மின்னோட்டம் செல்லவில்லை.
5. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டிப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் மின்னேற்றம் இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி நீர் விரைவில் வற்றும்.
6. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையில் 14 வோல்ட்டும், அதே நேரத்தில் பேட்டரியில் 13 வோல்ட்டும் காட்டினால், இடையிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோ இழப்பு ஏற்படுகிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதால் இது சரியாகாது.
7. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை மாறுதிசை அளவில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு பழுதாகி இருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதைச் செய்யக் கூடாது. பேட்டரி விலகியதும் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும்.

சுமைக் கணக்கு

ஆல்டர்னேட்டரில் பழுது எதுவும் இல்லாமலே பேட்டரி இறங்கலாம். எடுத்துக்காட்டாக, இரு முகப்பு விளக்குகள் 110 வாட், பின்பக்க உழவு விளக்கு 55 வாட், சிறு விளக்குகள் 20 வாட் என்றால் மொத்தம் 185 வாட். இதை 13.5 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 14 ஆம்பியர் கிடைக்கும். 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு இது எளிய சுமை. இதனுடன் 200 வாட் ஒலிப்பெருக்கியைச் சேர்த்தால் தேவை 29 ஆம்பியரைத் தொடும். ஆல்டர்னேட்டரின் மீது பொறிக்கப்பட்ட ஆம்பியர் அளவு அதிவேகத்துக்கு உரியது. மெதுவான வேகத்தில் அதைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும். எனவே கூடுதல் விளக்கும் பாட்டு செட்டும் பொருத்திய வண்டியில் முதலில் இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

பிரித்தல்

முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு ஆல்டர்னேட்டரின் ஒவ்வொரு ஒயரும் எந்த முனையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன் மூடி, ஸ்டேட்டர், பின் மூடி மூன்றின் மீதும் ஒரே நேர்க்கோட்டில் அடையாளம் இட்டால் திரும்பப் பூட்டும்போது திசை மாறாது.

பல வகைகளில் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியாகப் பின்புறத்தில் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். இதைக் கழற்றிய பிறகே மற்றவற்றைப் பிரிக்க வேண்டும். இல்லையெனில் ரோட்டரை இழுக்கும்போது பிரஷ் உடையும். பிரஷ் மட்டுமே தேய்ந்திருந்தால் வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

உள்ளே சேர்ந்துள்ள புழுதியையும் உலர்ந்த சேற்றையும் உலர் தூரிகையாலும் காற்றாலும் நீக்க வேண்டும். சுருள்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஊறவைத்தால் காப்புப் பூச்சு கெடும். மூடிய வகைப் பேரிங்குகளையும் கழுவக் கூடாது.

உறுப்புகளின் சோதனை

ரோட்டர்: இரு ஸ்லிப் ரிங்குகளுக்கு இடையே மின்தடையை அளந்தால் 12 வோல்ட் வகைகளில் பொதுவாக 2.5 முதல் 4 ஓம் வரை இருக்கும். அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்துள்ளது. மிகக் குறைவாகக் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன. ஸ்லிப் ரிங்குக்கும் தண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. கறுத்த ஸ்லிப் ரிங்கை நுண்ணிய உப்புத்தாளால் சீராகத் தேய்த்துத் துடைக்கலாம். ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும்.

ஸ்டேட்டர்: மூன்று முனைகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இருக்க வேண்டும், இரும்பு வளையத்தோடு தொடர்பு இருக்கக் கூடாது. சுருளின் மின்தடை ஒரு ஓமில் சிறு பகுதியே ஆதலால், சில சுற்றுகள் ஒட்டியிருப்பதைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. ஒரு பகுதி மட்டும் கருகியிருத்தல், எரிந்த வாடை ஆகியவற்றால் அது தெரியும்.

டையோடு: மல்டிமீட்டரின் டையோடு அளவில் ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். எதிர்த் திசையில் எதுவும் காட்டக் கூடாது. இரு திசையிலும் கடத்தினாலும், இரு திசையிலும் கடத்தாவிட்டாலும் அது பழுதானது. மோட்டார் சுருள் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரை டையோடு இணைந்த நிலையில் பயன்படுத்தினால் நல்ல டையோடும் கெடும்.

நேர்முனை டையோடு ஒன்று இரு திசையிலும் கடத்தத் தொடங்கினால், சாவியை அணைத்த பிறகும் பேட்டரி மின்னோட்டம் அதன் வழியாக ஸ்டேட்டரை அடைந்து, சிறு டையோடுகள் மூலம் ரோட்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். இரவு நிறுத்திய டிராக்டர் காலையில் கிளம்பாததற்கு இது ஒரு காரணம். சாவி அணைந்த நிலையிலும் புல்லியில் காந்த ஈர்ப்பு இருந்தால் இப்பழுது என்று அறியலாம்.

பிரஷ்: வெளியே நீளும் பகுதி சுமார் 5 மி.மீ. ஆகக் குறைந்தால் மாற்ற வேண்டும். புதிய பிரஷ் தன் கூட்டில் சிக்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும்.

மாற்றுதலும் காயில் கட்டுதலும்

பேரிங்கின் எண் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண்ணில், இருபுறமும் ரப்பர் மூடி கொண்டதையே வாங்க வேண்டும். புழுதி உழவிலும் சேடையிலும் திறந்த பேரிங் நிலைக்காது. பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தையும், மூடியில் இறக்கும்போது வெளிவளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டும். மாறி அழுத்தினால் குண்டுகள் பதிந்த தழும்பு ஏற்பட்டுச் சில நாளில் இரைச்சல் தொடங்கும்.

டையோடு தட்டைப் பற்றவைக்கும்போது, டையோடின் காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டால் வெப்பம் குறட்டுக்குச் சென்றுவிடும். பற்றவைப்பும் விரைவாக முடிய வேண்டும்.

ஸ்டேட்டர் எரிந்திருந்தால் காயில் கட்டப்படும். கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலாளருக்கு இது பழகிய முறையே. கம்பியும் காடியும்தான் சிறியவை. பழைய சுருளை வெட்டி எடுக்கும் முன் நான்கு செய்திகளைக் குறிக்க வேண்டும்: கம்பியின் பருமன், ஒரு சுருளில் உள்ள சுற்றுகள், சுருளின் இரு பக்கங்களும் எத்தனை காடி தள்ளி அமைகின்றன, மூன்று கட்டங்களும் எவ்வாறு இணைகின்றன. 36 காடிகளும் 12 காந்த முனைகளும் கொண்ட ஸ்டேட்டரில் ஒரு கட்டத்துக்கு 12 காடிகள் வரும். ஒரு சுருளின் இரு பக்கங்களும் மூன்று காடி இடைவெளியில் அமையும். காடிகளில் காப்புத்தாள் வைத்து, எனாமல் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் இட்டு, சூட்டில் உலர்த்த வேண்டும். பருமன் குறைந்த கம்பியால் கட்டினால் முதல் நாள் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். இரவு முழுவதும் விளக்கோடு உழும்போதுதான் சூடேறி எரியும். வார்னிஷ் போதாமல் போனால் டிராக்டரின் அதிர்வில் கம்பிகள் உரசிக் காப்பு தேயும்.

பூட்டிய பின் சோதனை

பூட்டியதும் ரோட்டரைக் கையால் சுழற்றினால் உரசல் ஒலி இருக்கக் கூடாது. வண்டியில் பொருத்தும் முன் பேட்டரியைத் தனியே சார்ஜரில் போட்டு மின்னேற்றம் செய்ய வேண்டும். முற்றிலும் இறங்கிய பேட்டரியோடு இணைத்தால் புதிதாகச் சீரமைத்த ஆல்டர்னேட்டர் நெடுநேரம் முழுச் சுமையில் ஓடிச் சூடாகும்.

எஞ்சினை ஓட்டி, விளக்குகள் இல்லாமலும், எல்லா விளக்குகளையும் எரியவிட்டும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நடுத்தர வேகத்தில், விளக்குகள் எரியும்போதும் பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் முன் பேரிங் விரைவில் தேயும்.

பழைய டைனமோவைச் சீரமைத்தால், அதன் காந்த முனைகளுக்குச் சரியான திசையைத் தர ஃபீல்டு முனையில் பேட்டரி மின்சாரத்தை ஒரு நொடி தொடும் வழக்கம் உண்டு. ஆல்டர்னேட்டரில் இவ்வாறு செய்யக் கூடாது.

ஜீப் வகைகளில் கூடுதல் கவனம்

டீசல் ஜீப்புகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் வேக்குவம் பம்பு இணைந்திருக்கும். பிரேக் மிதியை எளிதாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் தருவது இப்பம்பே. இதன் எண்ணெய் சீல் தேய்ந்தால் எஞ்சின் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் புகுந்து பிரஷ்ஷையும் ஸ்லிப் ரிங்கையும் கெடுக்கும். மறுசீரமைப்பின்போது சீல், ஓ-ரிங், எண்ணெய்க் குழாய், வெற்றிடக் குழாய் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மின்னேற்றம் சரியாகி, வெற்றிடக் குழாய் மட்டும் தளர்ந்திருந்தால் பிரேக் மிதி கடினமாகும். எனவே வண்டியைச் சாலையில் இறக்கும் முன் நின்ற இடத்திலேயே பிரேக்கைச் சோதிப்பது கட்டாயம்.

மறுசீரமைப்பு பொருந்தாத நிலைகள்

• மூடியில் விரிசல் இருந்தால், அல்லது தாங்கும் காது உடைந்திருந்தால்
• பேரிங் அமரும் தண்டோ குழியோ தேய்ந்து, புதிய பேரிங் தளர்ந்து சுற்றினால்
• ரோட்டர் உரசி ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகள் சிதைந்திருந்தால்
• ரோட்டர், ஸ்டேட்டர், டையோடு தட்டு மூன்றும் ஒருசேரப் பழுதாகி, செலவு புதியதன் விலையை நெருங்கினால்

பாதுகாப்பு

மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகே பீடி, தீக்குச்சி, தீப்பொறி கூடாது. பேட்டரி அமிலம் தோலில் பட்டால் நிறைய நீரால் கழுவ வேண்டும். பேட்டரி முனைகளை மாற்றி இணைத்தால் டையோடுகள் நொடியில் எரியும். டிராக்டரிலோ, அதனுடன் இணைந்த கலப்பை, டிரெய்லரிலோ வெல்டிங் செய்யும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் கழற்றிவிட வேண்டும். ஓடும் எஞ்சின் அருகே சோதிப்பவர் தோள்துண்டை எடுத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். பெல்ட்டில் துணி சிக்கினால் கையை இழுத்துவிடும்.

தொழிற்பயிற்சி

இந்தியாவின் தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக், எலக்ட்ரீசியன் ஆகிய பிரிவுகள் உள்ளன. டிராக்டர் மெக்கானிக் பயிற்சியில் ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும், எலக்ட்ரீசியன் பயிற்சியில் காயில் கட்டுதலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டும் தெரிந்த தொழிலாளர் உள்ள ஊர்களில், நல்ல நிலையில் உள்ள ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் தேவையின்றி மாற்றப்படுவதைத் தவிர்க்க முடிகிறது.